லெ மானுக்குச் சாலை வழியே

பாரிஸுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவில் இருக்கிறது லெ மான் நகரம். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அங்கே 24 மணி நேரக் கார் பந்தயம் நடக்கிறது. வழக்கமாகச் சனிக்கிழமை மாலை 4 மணிக்குக் கொடி அசையும். ஞாயிறு மாலை அதே நேரத்துக்கு முடியும். 2024இல் இதைப் பார்க்க 3,29,000 பேர் வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வருவோரில் ஆங்கிலேயரே அதிகம். விமானமும் ரயிலும் இருக்க, அவர்களில் பெரும்பாலோர் சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு கடல் தாண்டி வருகிறார்கள். கார் கிளப்புகளின் உறுப்பினர்கள் பத்து, இருபது வண்டிகளாகச் சேர்ந்து வரும் பயணம் இதில் தனி வகை.

லெ மான் பந்தயம் சாலையில் பிறந்தது. முதல் பந்தயம் 1923 மே 26, 27 தேதிகளில் நடந்தது. அந்தக் காலத்து ஹெட்லைட்டை நம்பி இரவில் நெடுந்தூரம் போக முடியாது. கைப்பிடியைச் சுழற்றாமல் எஞ்சினை முடுக்கும் மின் ஸ்டார்ட்டரும் இன்னும் நம்பிக்கை பெறவில்லை. மக்கள் வாங்கி ஓட்டும் கார் இரவு பகலாக ஓடினால் தாங்குமா என்று சோதிப்பதற்காகவே இந்தப் பந்தயத்தை வகுத்தார்கள். ஆட்டோமொபைல் கிளப் தெ லுவெஸ்ட் என்ற அமைப்பின் செயலாளர் ஜார்ஜ் துராங், பத்திரிகையாளர் ஷார்ல் ஃபரூ, ரட்ஜ்-விட்வொர்த் சக்கர நிறுவனத்தின் பிரெஞ்சுப் பிரதிநிதி எமில் கோக்கிய் ஆகிய மூவரின் யோசனை அது. ஊர்களுக்கு இடையே இருந்த பொதுச்சாலைகளையே 17.262 கி.மீ. சுற்றாக இணைத்தார்கள். 33 கார்கள் புறப்பட்டன. மழையிலும் ஆலங்கட்டியிலும் ஓடி 30 கார்கள் முடித்தன. ஷெனார்-வால்க்கர் காரில் 2,209 கி.மீ. ஓடிய லகாஷ், லெயோனார் இருவரும் முதலில் வந்தார்கள்.

அந்தப் பந்தயத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரே ஒரு பென்ட்லி காரும் இருந்தது. ஓட்டியவர்கள் ஜான் டஃப், ஃபிராங்க் கிளெமென்ட். முன் சக்கரங்களுக்கு பிரேக்கே இல்லாத கார் அது. தெறித்த கல் ஒன்று ஹெட்லைட்டை உடைத்தது. இன்னொரு கல் பெட்ரோல் டாங்கில் ஓட்டை போட்டது. டஃப் காரை வழியில் விட்டுவிட்டுப் பல கிலோமீட்டர் ஓடியே வந்து செய்தி சொன்னார். கிளெமென்ட் ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு பெட்ரோல் கேன்களுடன் எதிர்த்திசையில் மிதித்துப் போய், ஓட்டையை அடைத்து, காரை மறுபடி ஓட வைத்தார். நான்காம் இடம் கிடைத்தது. மறு ஆண்டு, 1924இல், அதே இருவரும் பென்ட்லியில் வென்றார்கள். ஆங்கிலேயருக்கு லெ மான் மீது பிடிப்பு வந்தது அங்கிருந்துதான். 1927 முதல் 1930 வரை நான்கு ஆண்டுகளும் பென்ட்லியே வென்றது. 1950களில் ஐந்து முறை ஜாகுவார் வென்றது. 1959இல் ஆஸ்டன் மார்ட்டின் வென்றது. 1951இல் வென்ற ஜாகுவார் சி-டைப்பும் அதன் கூட்டுக் கார்களும் இங்கிலாந்திலிருந்து சாலை வழியாகவே ஓட்டி வரப்பட்டவை. பந்தயத்துக்கு வரும் வழியே காருக்கு முதல் சோதனையாக இருந்த காலம் அது. இன்று கிளப்பினர் செய்வதும் அந்த வேலைதான்.

பிரிட்டனில் கார் கிளப்புகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. எம்.ஜி. கார் கிளப் 1930இலும், ஆஸ்டன் மார்ட்டின் உரிமையாளர் கிளப் 1935இலும், பென்ட்லி டிரைவர்ஸ் கிளப் 1936இலும், பிரிட்டனின் போர்ஷ கிளப் 1961இலும் தொடங்கப்பட்டன. ஒரே நிறுவனத்தின் கார் வைத்திருப்பவர்கள் உதிரி பாகம் தேடுவதற்கும் பழுது பார்ப்பதில் ஒருவருக்கொருவர் உதவுவதற்கும் கூடியவை இவை. தங்கள் கார் பெயர் வாங்கிய களத்துக்கு அதே காரை ஓட்டிப் போவது, குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு போவதைப் போல இவர்களுக்கு முக்கியம்.

பயணத் திட்டம் ஏறக்குறைய ஓராண்டு முன்பே தொடங்கிவிடுகிறது. நுழைவுச் சீட்டு, கூடாரம் போடும் இடத்துக்கான சீட்டு, அரங்கில் உட்காரும் சீட்டு என்று தனித்தனியாக வாங்க வேண்டும். இவற்றில் முதலில் தீர்ந்துபோவது கூடார இடமே. பிரித்து வாங்கினால் ஒரே கிளப்பினர் மைதானத்தின் இரு மூலைகளில் கிடக்க நேரும். அதனால் ஒருவர் பெயரில் மொத்தமாக வாங்குகிறார்கள். அடுத்தது கடலைத் தாண்டும் வழி. டோவரிலிருந்து கலேக்குக் கப்பலில் ஒன்றரை மணி நேரம். கடலடிச் சுரங்க ரயிலில் காரோடு ஏறினால் 35 நிமிடம். ஆனால் கலேயில் இறங்கினால் லெ மானுக்கு இன்னும் 400 கி.மீ.க்கு மேல் ஓட்ட வேண்டும். போர்ட்ஸ்மவுத்திலிருந்து கானுக்கு அருகில் உள்ள விஸ்ட்ரெஹாம் துறைமுகத்துக்குப் பகல் கப்பல் ஆறு மணி நேரம் எடுக்கும். இறங்கிய பின் மிஞ்சுவது 170 கி.மீ. அளவே. பழைய கார்களுக்கு இந்த வழியே நல்லது. எஞ்சின் ஓய்வெடுக்கிறது, ஓட்டுபவரும் தூங்கலாம்.

காரைத் தயார் செய்வதில்தான் நல்ல கிளப் எது என்று தெரியும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே ரேடியேட்டர் குழாய்கள், ஃபேன் பெல்ட், பிரேக் ஆயில், பேட்டரி எல்லாவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. முந்தின நாள் பார்த்தால் குறை தெரியும், பாகம் கிடைக்காது. ஆண்டுக்குச் சில நூறு மைல் மட்டுமே ஓடும் கார்களில் பெரிய ஆபத்து டயர். மேல் தடம் புதிதுபோல் இருக்கும். உள்ளே ரப்பர் இறுகி வெடித்திருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படித்தால் அதன் வயது தெரியும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றிருந்தால் 2019இன் 23ஆம் வாரத்தில் செய்தது. ஸ்டெப்னியையும் இப்படிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் காரிலேயே மிகப் பழைய டயர் டிக்கிக்குள் கிடக்கும் அதுதான்.

பெட்ரோல் இன்னொரு சிக்கல். பிரெஞ்சு பங்க்குகளில் மலிவாகக் கிடைக்கும் எஸ்பி95-இ10 வகையில் 10 சதவீதம் வரை எத்தனால் உண்டு. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் அடைப்பான்களையும் கெடுக்கும்; ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கும். எஸ்பி98 வகையில் எத்தனால் அதிகபட்சம் 5 சதவீதம்தான். பழைய கார்க்காரர்கள் விலை கூடினாலும் அதையே நிரப்புகிறார்கள்.

இனி அணியாகப் போவது. இருபது கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவது பார்க்க அழகு; நடைமுறையில் அது ஆபத்து. முன் கார் ஒரு ரவுண்டானாவைத் தாண்டி வேகம் எடுக்கும் நேரத்தில் கடைசிக் கார் ரவுண்டானாவுக்குள்ளேயே நுழைந்திருக்காது. இடைவெளி விரிகிறது. அதை மூடப் பின்னால் வருபவர் முன்னவரைவிட வேகமாக ஓட்ட வேண்டும். அவருக்கும் பின்னால் இருப்பவர் இன்னும் வேகமாக. முன் கார் நிதானமாக 80இல் போக, கடைசிக் கார் 110இல் துரத்திக்கொண்டிருக்கும். அணிப் பயணத்தில் விபத்தும் அபராதமும் பெரும்பாலும் இந்தக் கடைசி வண்டிகளுக்கே வருகின்றன. இதைத் தவிர்க்க, ஐந்தாறு கார்கள் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, கால் மணி நேர இடைவெளியில் புறப்படுவது நல்ல வழக்கம். குழுவின் மெதுவான கார், வழிகாட்டும் காருக்கு அடுத்ததாக இரண்டாம் இடத்தில் ஓடும். அப்போதுதான் முன்னவர் கண்ணாடியில் அதைப் பார்த்து வேகத்தை அமைத்துக்கொள்வார். அனுபவம் மிக்கவர் கடைசியில் வருவார். கருவிப் பெட்டி, இழுவைக் கயிறு, முதலுதவிப் பெட்டி எல்லாம் அவர் வண்டியில் இருக்கும்.

ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வருபவருக்குப் பொறுப்பு என்பது அடுத்த விதி. திருப்பம் வந்தால், பின்னால் வரும் கார் கண்ணில் படும்வரை பாதுகாப்பான ஓரத்தில் நிற்க வேண்டும். எல்லாரும் இதைச் செய்தால் முன்னே போகிறவருக்குத் தகவல் தானே எட்டிவிடும்: கண்ணாடியில் யாரும் தெரியாவிட்டால் அவரும் நின்றுவிடுவார். யாராவது தனித்துவிட்டால் துரத்தக் கூடாது. அச்சிட்டுக் கொடுத்த வழிக்குறிப்பில் உள்ள அடுத்த நிறுத்தத்துக்கு நிதானமாக வந்து சேர்ந்தால் போதும். ஐரோப்பாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய சிறு வாக்கி-டாக்கிகளைக் காருக்கு ஒன்றாகக் கொடுப்பதும் உண்டு. பெட்ரோல் நிறுத்தங்களை யாருடைய டாங்க் சிறியதோ அவரை வைத்தே கணக்கிட வேண்டும். பெரிய டாங்க் வைத்திருப்பவர் பொறுமை இழப்பார். ஆனாலும் வேறு வழி கிடையாது.

பிரான்சில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். பிரிட்டிஷ் காரில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருப்பதால், முன்னால் லாரி போனால் எதிரே வருவது ஓட்டுநருக்குத் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். சுங்கச்சாவடியில் பணம் கட்டுவதும் அவரே. பிரிட்டிஷ் ஹெட்லைட் ஒளி இடப்பக்கம் சாய்ந்து விழுவதால் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். விளக்கின்மேல் ஒட்டுப்பட்டை ஒட்டி அதைத் திருத்துகிறார்கள். எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் மேற்சட்டையும் காரில் இருப்பது கட்டாயம். சுங்க நெடுஞ்சாலையில் மணிக்கு 130 கி.மீ., மழையில் 110. நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் 2018 ஜூலை முதல் 80 என்பது பொது விதி. ஊர்ப் பெயர்ப் பலகையைத் தாண்டியதும் வேறு அறிவிப்பே இல்லாமல் 50 ஆகிவிடும். பெயரின்மேல் கோடு போட்ட பலகை வரும்வரை அதுதான். பந்தய வாரத்தில் லெ மான் செல்லும் சாலைகளில் காவலர்கள் கூடுதலாக நிற்கிறார்கள். வரம்பைவிட 40 கி.மீ. அதிகமாகப் போனால் உரிமத்தை அங்கேயே வாங்கி வைத்துக்கொள்ளும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. ரேடாரைக் கண்டுபிடித்துச் சொல்லும் கருவியைக் காரில் வைத்திருப்பதே குற்றம்.

விஸ்ட்ரெஹாமில் இறங்கும் பயணிகள் முதலில் மிதிப்பது ஒரு போர்க்களத்தை. 1944 ஜூன் 6 அன்று பிரிட்டிஷ் படைகள் கரையிறங்கிய கடற்கரை அது. அதன் ஆண்டு நினைவு நிகழ்ச்சிகளும் பந்தய வாரமும் ஏறக்குறைய ஒன்றாக வருவதால், பழைய ராணுவ ஜீப்புகளும் ஸ்போர்ட்ஸ் கார்களும் ஒரே சாலையில் கலந்து ஓடுகின்றன. கானைச் சுற்றிக்கொண்டு தெற்கே திரும்பினால் ஃபலேஸ். 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய வில்லியம் பிறந்த ஊர். கோட்டை சாலையிலிருந்தே தெரியும். பிறகு வயல்களும் காடுகளும் மாறி மாறி வர, சரிகைப் பின்னலுக்குப் பெயர் பெற்ற அலான்சோன் வருகிறது. இங்கே ஏ28 சுங்க நெடுஞ்சாலை குறுக்கிடும். அவசரக்காரர்கள் அதில் ஏறிவிடுவார்கள். பழைய சாலையிலேயே போவதற்கு நல்ல காரணம் ஒன்று உண்டு.

ருவானிலிருந்து அலான்சோன், லெ மான் வழியாகத் தூர் நகருக்குப் போன பழைய தேசியச் சாலையின் எண் என்138. சார்த் மாவட்டத்துக்குள் இன்று அதற்கு டி338 என்று பெயர். இந்தச் சாலை லெ மான் நகரைத் தாண்டித் தெற்கே போகும்போது பந்தயச் சுற்றின் புகழ்பெற்ற நேர்பாதையாகிறது. ஏறக்குறைய 6 கி.மீ. நீளமான அதைப் பிரெஞ்சுக்காரர்கள் ஹுனோதியேர் என்றும் ஆங்கிலேயர் முல்சான் நேர்பாதை என்றும் சொல்வார்கள். 1988இல் ரோஜே தோர்ஷி டபிள்யூஎம்-பூஜோ காரில் மணிக்கு 405 கி.மீ. தொட்டது இங்கேதான். அந்த வேகம் ஆபத்தானது என்று கருதி 1990இல் நடுவே இரண்டு வளைவுத் தடைகளைச் சேர்த்தார்கள். பந்தயம் இல்லாத நாட்களில் லாரியும் டிராக்டரும் பால் வண்டியும் போகும் சாதாரணச் சாலை அது. ஓரத்தில் வீடுகளும் உணவகங்களும் இருக்கின்றன. இன்றைய சுற்று 13.626 கி.மீ.; அதில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட பொதுச்சாலையே. ஆதலால், பழைய சாலையை விடாமல் வரும் கிளப்பினர் சில நாள் முன்கூட்டி வந்தால், வேக வரம்புக்கு உட்பட்டு அந்தப் பாதையில் ஓட்டிவிடலாம். இந்த வாய்ப்பை உலகின் பெரிய பந்தயத் தடங்களில் மிகச் சிலவே தருகின்றன. பயிற்சியும் பந்தயமும் நடக்கும் நேரங்களில் அதை மூடிவிடுவார்கள்.

தங்குமிடம் கூடாரம்தான். ஹூ, மெசோன் பிளான்ஷ், போசெழூர், ஆர்னாஜ் என்று சுற்றைச் சூழ்ந்து பல கூடாரத் திடல்கள் உண்டு. ஒவ்வொரு கிளப்பும் கொடி நட்டு, நடுவில் பொதுச் சமையல் பந்தல் போடுகிறது. ஜூன் மழை பெய்தால் தாழ்ந்த கார்கள் சேற்றில் புதைந்துவிடும். அதனால் கார்களை வெளியேறும் வழிக்கு அருகே நிறுத்துகிறார்கள். காதடைப்பான் இல்லாமல் வரவே கூடாது. குழந்தைகளுக்குக் காதை முழுதும் மூடும் கவசம் தேவை.

பந்தயத்துக்கு முன்பான நாட்களும் காண்பதற்கு உரியவை. கார்களைத் தொழில்நுட்பச் சோதனைக்கு உட்படுத்துவது நகரின் நடுவே உள்ள குடியரசுச் சதுக்கத்தில், பொதுமக்கள் முன்னிலையில். புதனும் வியாழனும் இரவுவரை பயிற்சி நடக்கும். வெள்ளியன்று தடத்தில் ஓட்டம் கிடையாது. ஓட்டுநர்கள் பழைய கார்களில் ஏறி நகர்வலம் வருவார்கள். நகருக்கு வடக்கே சேன்-சத்துர்னேன் என்ற ஊரில் பிரிட்டிஷ் கார்களை வரவேற்கும் வெள்ளிக்கிழமைக் கூடல் பல ஆண்டுகள் நடந்தது. அதே நாளில் ஆர்னாஜ் தெருக்களில் டயரைப் புகையவிட்டு வேடிக்கை காட்டும் கூட்டமும் உண்டு. வேடிக்கை பார்ப்போர் கைதொடும் தூரத்தில் நிற்க நடக்கும் அந்த ஆட்டம் விபரீதமானது. பொறுப்புள்ள கிளப்புகள் அதில் சேர்வதில்லை.

கூட்டத்தின் பாதுகாப்பை இந்த ஊர் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1955 ஜூன் 11 அன்று பியேர் லெவே ஓட்டிய மெர்சிடிஸ் கார் முன்னால் சென்ற காரில் மோதிப் பறந்து பார்வையாளர்மீது விழுந்ததில் 80க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கார்ப் பந்தய வரலாற்றிலேயே பெரிய கோரம் அது. அதன் பிறகுதான் பழுது நிறுத்தப் பகுதியும் அரங்கும் இடித்துக் கட்டப்பட்டன. இன்று பார்வையாளர் தடத்திலிருந்து தள்ளி, வேலிக்குப் பின்னால் நிற்பது அந்தச் சாவுகளின் விளைவு.

பந்தயத்தில் 62 கார்கள் வரை மூன்று வகைகளாக ஓடுகின்றன. ஒரு காருக்கு மூன்று ஓட்டுநர்கள். வேகமான ஹைப்பர்கார்கள், நடுத்தரமான எல்எம்பி2 கார்கள், கடையில் விற்கும் ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து உருவான ஜிடி கார்கள் எல்லாம் ஒரே தடத்தில் இருப்பதால் முந்துவது ஓயாது. யார் முன்னிலை என்பது வேலியோரம் நிற்பவருக்கு விளங்காது; அதனால் கையில் சிறு வானொலி வைத்துக்கொண்டு ரேடியோ லெ மான் ஆங்கில வர்ணனையை 91.2 எஃப்.எம்.மில் கேட்கிறார்கள். முழு நேரமும் ஒரே இடத்தில் உட்காருவதில் பயனில்லை. தொடக்கத்தை அரங்கிலும், மாலையை டெர்த்ர் ரூஜ் வளைவிலும், நள்ளிரவை ஆர்னாஜ் பக்கமும் கழிப்பது அனுபவசாலிகளின் வழக்கம். ஆர்னாஜ் மெதுவான வளைவு. கடும் வேகத்தில் வந்து பிரேக் பிடிக்கும்போது இருட்டில் சக்கரங்களுக்குள் பிரேக் தட்டுகள் செக்கச்சிவந்து ஒளிர்வதைப் பார்க்கலாம்.

இந்தக் களத்தில் தமிழ்நாட்டவர் கதையும் உண்டு. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2009இல் ஆடி காரில் ஓட்ட வந்தார். தொடக்கத்துக்குச் சற்று முன் சுவரிலிருந்து குதித்ததில் தோள்பட்டை இடம் பெயர்ந்து, ஓட்ட முடியாமல் போனது. மற்ற இருவரே 24 மணி நேரத்தையும் ஓட்டி முடித்தார்கள். சென்னையின் கருண் சந்தோக் 2012இல் இந்தப் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவருடைய அணி ஒட்டுமொத்தத்தில் ஆறாவதாக வந்தது.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. 2002இல் தொடங்கிய லெ மான் கிளாசிக் என்ற விழாவில், முந்தைய காலத்துப் பந்தயக் கார்கள் காலவரிசைப்படி பிரிந்து அதே சுற்றில் இரவும் பகலும் ஓடுகின்றன. ஆயிரக்கணக்கான கிளப் கார்கள் சுற்றின் நடுவே உள்ள திடலில் நிறுவன வாரியாக அணிவகுத்து நிற்கும். கட்டணம் செலுத்தும் கிளப்புகள் முழுச் சுற்றிலும் வலம் வரவும் இடமுண்டு. கூட்டம் குறைவு, கார்களை நெருங்கிப் பார்க்கலாம் என்பதால் முதல்முறை வரும் கிளப்புக்கு இதுவே ஏற்றது.

ஞாயிறு மாலை பந்தயம் முடிந்ததும் பார்வையாளர்கள் தடத்துக்குள் இறங்கி மேடையை நோக்கி ஓடுகிறார்கள். வெளியேறும் சாலைகள் பல மணி நேரம் நகராது. முந்தின இரவு கண் மூடாதவர்கள் அப்போதே ஸ்டியரிங்கைப் பிடிப்பது உயிரோடு விளையாடுவது. ஆகவே ஞாயிறு இரவும் அங்கேயே தூங்கித் திங்களன்று புறப்படுவதை நல்ல கிளப்புகள் விதியாகவே வைத்திருக்கின்றன. திரும்பும் காலையில் எண்ணெய், தண்ணீர், டயர் காற்று எல்லாம் மறுபடி பார்க்கப்படும். போகும்போது தாங்கிய பெல்ட்டும் குழாயும் வரும்போது விட்டுக்கொடுப்பது பழைய கார்களில் சாதாரணம். ஓரத்தில் வைத்துச் சரிசெய்ய முடியாத பழுது என்றால், ஐரோப்பியப் பயணத்துக்கென எடுத்த சாலை உதவிக் காப்பீடு அந்தக் காரை லாரியில் ஏற்றிச் சில நாள் கழித்து வீடு சேர்க்கும். ஓட்டியவருக்கும் உடன் வந்தவருக்கும் இடம் வேண்டுமே என்றுதான், கடைசியில் வரும் கருவி வண்டியின் பின் இருக்கையைப் புறப்படும்போதே காலியாக வைத்திருப்பார்கள்.